தார் ஷீட்டுக்குக் கீழே

பத்தடி நீளம், பத்தடி அகலம். தமிழ்நாட்டின் ஈழ அகதி முகாம்களில் வளர்ந்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் வாயில் வருவது இந்த அளவுதான்: ‘பத்துக்குப் பத்து’. படுப்பதும் அதற்குள், பிள்ளைகள் படிப்பதும் அதற்குள். குறுக்கே ஒரு சேலையைக் கட்டிவிட்டால் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அதற்குள்ளேயே ஓர் அறை. மூலையில் மூன்று கல் வைத்த விறகடுப்பு. தலைக்கு மேலே கறுப்பாக, நெளி நெளியாக, தார் ஷீட்.

அப்படிப்பட்ட முகாம்களில் ஒன்று, சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையோரம் உள்ள சின்னசேலத்தில் இருக்கிறது. வடமேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும் ஊர். இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பர் 26க்கு முன்பு விழுப்புரம் மாவட்டம். 1993 செப்டம்பர் 30க்கு முன்பு, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு.

மாவட்டத்தின் இந்தப் பழைய எல்லையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தின் கீழே ஒரே காலத்தில் மூன்று விதமான ‘அரசு வீடுகள்’ இருந்தன. சின்னசேலத்திலும் கீழ்ப்புத்துப்பட்டிலும் அகதி முகாம் வீடுகள். மரக்காணம் கரையோரத்தில் சுனாமியில் வீடிழந்த மீனவர்களுக்குப் போட்ட தற்காலிகக் கொட்டகைகள். கல்வராயன் மலைமேல் பழங்குடி மக்களுக்குக் கட்டித் தந்த தொகுப்பு வீடுகள். கடலோரம், சமவெளி, மலை என்று மூன்று நிலம். மூன்று வகை அவசரம். மூன்றிலும் அரசு கூரைகளை எண்ணியது, சதுர அடியை அளந்தது, ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று தொகை ஒதுக்கியது. அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எந்தக் காற்றை மூச்சிழுத்தார்கள் என்ற கேள்வி நெடுங்காலம் எந்தக் கோப்பிலும் ஏறாமல், அவரவர் வீட்டு அடுப்படி விவகாரமாகவே கிடந்தது.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளின் முதல் அலை வந்தது. 1987 வரையில் 1,34,053 பேர் என்று அரசுக் கணக்கு. இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு வெளியேறிய பின் 1990இல் போர் மீண்டும் மூண்டு இரண்டாம் அலை, 1996இல் மூன்றாவது, 2006இல் நான்காவது. படகில் ராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அரசிடம் அப்போது கையில் இருந்த இடங்களெல்லாம் முகாம்களாயின: பழைய கிடங்குகள், புயல் காப்பகங்கள், புறம்போக்கு நிலத்தில் வரிசையாகப் போட்ட கொட்டகைகள். வந்தவர்களை அந்த வேகத்தில் ஏற்றுக்கொண்டது பெரிய காரியம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு இது. சட்டக் கடமை எதுவும் இல்லாமலேயே உணவும் பணக்கொடையும் தங்குமிடமும் கொடுத்தது.

சிக்கல், ‘தற்காலிகம்’ என்ற சொல்லில் இருந்தது. இவர்கள் நாளை திரும்பிப் போகிறவர்கள். அதனால் நிலையான வீடு வேண்டாம். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களின் மேல் காவல் இறுகியது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே வருவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 1992 முதல் 1995 வரை 50,000 பேருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போகாதவர்களுக்கோ ஆறு மாதத்துக்கென்று போட்ட கூரை பத்தாண்டு, இருபதாண்டு, முப்பதாண்டு என்று நீண்டது. அதன் கீழே பிறந்த பிள்ளைகள் பிள்ளை பெற்றார்கள்.

தார் ஷீட் என்பது என்ன? கழிவுக் காகிதம் முதலான நாரைக் கூழாக்கி, நெளிவுப் பலகையாக அழுத்தி, உருக்கிய தாரில் தோய்த்து எடுப்பது. எடை குறைவு, விலை மலிவு. ஒரு லாரியில் நூற்றுக்கணக்கில் ஏற்றி வந்து, சவுக்குக் கம்பும் ஆணியும் கொண்டு ஒரே நாளில் ஒரு தெருவையே எழுப்பிவிடலாம். அவசரத்துக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை என்று அதிகாரிகள் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அது கறுப்பு. சித்திரை வெயிலை அப்படியே உறிஞ்சும். சூடேறினால் இளகித் தொய்யும், தார் நாறும். தீப்பிடித்தாலோ, தார் எரிவதுபோலவே எரியும். ஓலைக் கூரைக்கு இருக்கும் ஒரு நல்ல குணம் இதற்கு இல்லை. ஓலையின் இடுக்கு வழியாகப் புகையும் சூடும் கொஞ்சமாவது கசிந்து வெளியேறும். தார் ஷீட் இரண்டையும் உள்ளேயே பிடித்து வைக்கும்.

இப்போது பத்துக்குப் பத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர அடியில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 20 சதுர அடி. பேரிடர் நிவாரணத்தில் உலகெங்கும் பின்பற்றப்படும் ‘ஸ்பியர்’ கையேடு ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 38 சதுர அடி வேண்டும் என்கிறது. முகாமில் கிடைத்தது அதில் பாதிதான். அந்தப் பாதிக்குள்ளும் ஓர் அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதுகுழலால் ஊதி ஊதிப் பற்றவைக்கும்போது, கதவைத் திறந்தால் சாரல், சாத்தினால் புகை. கொசுவுக்கென்று இரவில் ஒரு சுருள் கொளுத்துவதும் வழக்கம். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 

2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்தபோது தமிழ்நாட்டின் நினைவில் இன்னொரு தீ கனன்றுகொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் மாண்டிருந்தார்கள். ஓலை என்றாலே ஊர் நடுங்கிய ஆண்டு அது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முதல் சென்னை வரை கரையோரமெங்கும் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகளில் பெருமளவு தார் ஷீட்டே கூரையாகவும் பல இடங்களில் சுவராகவும் ஆனது. அந்தமானில் இருந்தவர்களுக்குத் தகரம் கப்பலில் போனது.

ஓலையில் அஞ்சிய தீ, தாரையும் விடவில்லை. வட சென்னையில் திருவொற்றியூரை அடுத்த கார்கில் நகரில் நெருக்கமாக வரிசையிட்ட தற்காலிகக் குடியிருப்புகள் 2005இல் தீப்பிடித்து எரிந்தன. கடலிடம் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் நெருப்பிடம் இன்னொரு முறை இழந்தார்கள். அந்த ஆண்டின் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கரையோரமெங்கும் ஒரே முறையீடுதான்: பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. பெண்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மர நிழலைத் தேடிப் போனார்கள். ஐப்பசி மழை வந்ததும் முறையீடு மாறியது. தாழ்வான நிலத்தில் போட்ட வரிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், நிலையான வீடு என்று வரும்போது அரசு நன்றாகவே யோசித்தது. 2005 மார்ச் 30 தேதியிட்ட 172ஆம் எண் அரசாணை, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாயில், 300 முதல் 325 சதுர அடிக்குள், நிலநடுக்கத்தையும் புயலையும் தாங்கும் வீடு என்று தெளிவாக வரையறுத்தது. ஆனால் அந்த வீடு கைக்கு வரும் வரையிலான இடைக்காலம் சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்த இடைக்காலத்துக்கு அப்படியொரு வரையறை அமையவில்லை.

அதே 2005இல் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. சுனாமியின் பிள்ளை என்றே அதைச் சொல்லலாம். அதன் 12ஆம் பிரிவு, நிவாரண முகாம்களில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வசதிகளைப் பட்டியலிடுகிறது: தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவ வசதி, துப்புரவு. ஐந்துமே உயிர்நாடியானவை. பட்டியலை இரண்டு முறை படித்தாலும் காற்று என்ற சொல் அதில் இல்லை. சமைப்பது என்ற சொல்லும் இல்லை. தற்காலிகத் தங்குமிடங்களுக்கென்றே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தனி வழிகாட்டி வெளியிட 2019 ஆயிற்று.

ஏழை நாட்டில் இதெல்லாம் சகஜம் என்று யாராவது சொல்வார்களானால், அவர்கள் அமெரிக்காவின் லூசியானாவைப் பார்க்கட்டும். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. ‘ஃபீமா’ என்று அழைக்கப்படும் அந்நாட்டுப் பேரிடர் முகமை ஏறத்தாழ 270 கோடி டாலர் செலவில் 1,45,000 டிரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் வாங்கி வீடிழந்தவர்களுக்குக் கொடுத்தது. பார்க்க அழகான வெள்ளைப் பெட்டி வீடுகள். உள்ளே சுவர், தரை, அலமாரி எல்லாம் பிளைவுட்டும் மரத்தூள் பலகையும். அவற்றை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள். மீனில் கலந்திருக்கிறது என்ற அச்சத்தில் 2018இல் சென்னை மீன் சந்தையையே காலியாக்கிய ‘ஃபார்மலின்’ நினைவிருக்கிறதா? அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் வாயு இதுதான். வெப்பமும் ஈரப்பதமும் கூடக் கூடப் பலகையிலிருந்து அதிகமாகக் கசியும். லூசியானாவின் கோடையில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் என்ன குறை?

2006 தொடக்கத்திலேயே கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் என்று முறையீடுகள் வரத் தொடங்கின. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்தியிருந்தது. சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தானாகவே சில டிரெய்லர்களைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் அளவு மிகுந்திருந்தது. ஃபீமா என்ன செய்தது? ஆட்கள் குடியிருந்த டிரெய்லர்களைச் சோதிக்காமல் தள்ளிப்போட்டது. காரணம் 2007 ஜூலையில் ஹென்றி வாக்ஸ்மன் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. சோதித்து முடிவு கையில் வந்துவிட்டால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று முகமையின் சட்டப் பிரிவினர் உள்ளுக்குள் மின்னஞ்சல் எழுதியிருந்தார்கள். அளக்காதே, அளந்தால் நம் தலையில் விழும் என்பதே அதன் சாரம். பிழைத்து வந்த மனிதர்களை அவர்கள் மூச்சோடு சேர்த்துக் கைவிட்ட மின்னஞ்சல் அது.

அரசு விஞ்ஞானிகளின் முதல் அறிக்கையோ நீண்டகாலப் பாதிப்பை விட்டுவிட்டு எழுதப்பட்டிருந்தது. கிறிஸ்டோபர் டி ரோசா என்ற மூத்த அறிவியலாளர் உள்ளிருந்தே அதை எதிர்த்தார். கடைசியில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 டிரெய்லர்களில் அளந்தது. சராசரி, நூறு கோடியில் 77 பங்கு. சாதாரண அமெரிக்க வீடுகளில் காணப்படுவது 10 முதல் 20 பங்கு வரை. கோடை வருவதற்குள் மக்களை வெளியேற்ற வேண்டும் என்று 2008 பிப்ரவரியில் அறிவித்தார்கள். சூறாவளி ஓய்ந்து இரண்டரை ஆண்டு கழித்து! மரப்பலகைகளில் இந்த வாயுவுக்கு வரம்பு கட்டும் சட்டம் 2010இல் வந்தது. டிரெய்லர் செய்த நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் 4.26 கோடி டாலர் தர 2012இல் சமரசம் ஆயிற்று. அதற்குள் அந்த டிரெய்லர்கள் ஏலத்தில் போய், 2010 எண்ணெய்க் கசிவைத் துடைக்க வந்த கூலியாட்கள் உறங்கும் அறைகளாக மறுபடி முளைத்திருந்தன.

சின்னசேலத்துக்கும் லூசியானாவுக்கும் நடுவே ஒரு கண்ணி உண்டு. ஃபார்மால்டிஹைடு பலகைப் பசையில் மட்டும் இருப்பதில்லை; விறகுப் புகையிலும் அது இருக்கிறது, கார்பன் மோனாக்ஸைடும் பென்சீனும் நுண்துகளும் சேர்ந்து. அங்கே சுவர் கசிந்ததை இங்கே அடுப்பு கக்கியது. அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். இங்கே புகையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு உலையைக் கிளறினார்கள்.

தார் ஷீட் கிழிந்த இடங்களில் அடுத்து ஏறியது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் ஷீட். கல்நார் இழையை மூச்சிழுத்தால் நுரையீரல் தடித்துப்போகும், புற்றுநோய் வரும் என்பது தெரிந்த செய்தி. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டு பாதுகாக்கவும், நோயுற்றவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு ஆலைக்குள் இருந்தவரைப் பற்றியது. ஷீட்டில் துளைபோட்டு ஆணி அடிப்பவர், உடைந்த துண்டை வைத்து விளையாடும் பிள்ளை, அதன் கீழ் உறங்குபவர் எல்லோரும் அதற்கு வெளியே. கடலுக்கு அப்பால் இலங்கை, கல்நாரைப் படிப்படியாகத் தடைசெய்யப்போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலையில் வண்டு இருக்கிறது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரை விற்கும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் இலங்கை தடையைத் தளர்த்தியது, தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களின் பிழைப்பு, வீட்டுக் கூரைமேல் எந்த ஷீட் இருக்கலாம் என்பதைத் தீர்மானித்த கதை அது.

இனி மலைக்கு ஏறலாம்.

கல்வராயன் மலையின் மலையாளி மக்கள், பெயரைக் கேட்டுப் பலரும் நினைப்பதுபோல, கேரளத்தவர்கள் அல்லர். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர்களின் கையில் இருந்த இந்த மலை, நாடு விடுதலையாகி 29 ஆண்டு கழித்து, 1976 ஜூன் 25 அன்றுதான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதுவரை ஜாகிர்தாரருக்கு வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்துக் கிடந்த மலை. அரசாங்கம் என்பதே அங்கே நடுவயதுக்காரர் ஒருவரின் ஆயுளைவிடப் பெரிதல்ல.

இரண்டாயிரம் முதல் நாலாயிரம் அடி வரை உயரமான மலை, இரவில் குளிரும். பழைய மலையாளி வீடு மூங்கில் தட்டியில் மண் பூசி, மேலே புல் வேய்ந்தது. உள்ளே உயரத்தில் பரண். அதில் சாமையும் கேழ்வரகும். கீழே எரியும் அடுப்பின் புகை பரணைத் தடவி, தானியத்தில் பூச்சி அண்டாமல் காத்து, கூரைப் புல்லையும் உளுக்காமல் பதப்படுத்தி, மெதுவாக முகட்டு வழி வெளியேறும். நெருப்பு அங்கே சமையலுக்கு மட்டும் இல்லை. குளிருக்கு, தானியத்துக்கு, கூரைக்கு, எல்லாவற்றுக்குமாக எரிந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலை கொடுத்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழையது எல்லாம் நல்லது என்று பாட இந்தக் கட்டுரைக்கு மனமில்லை. ஆனாலும் அது ஒரு முழு ஏற்பாடு. புகை போக வழி இருந்தது, புகைக்கு ஒரு வேலையும் இருந்தது.

தொகுப்பு வீடு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், சின்ன ஜன்னல். அடுப்போ அதே விறகடுப்பு. மழை ஒழுகாத வீடு கிடைத்தது என்பதில் மக்களுக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் புகைக்கு முகடு இல்லை.

இதை அரசு அறியாமல் இல்லை. 1985-86இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் வழிகாட்டி, ஒவ்வொரு வீட்டோடும் கழிப்பறையும் புகையில்லா அடுப்பும் கட்டப்பட வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தது. 1983 முதல் 2002 வரை மத்திய அரசு நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட புகையில்லா அடுப்புகளை அமைத்தது. இந்த யோசனை அதைவிடப் பழையது. தமிழரான ஜே.சி. குமரப்பா நடத்திய வார்தாவின் மகன்வாடி கிராமத்தொழில் மையத்தில் 1947இலேயே ‘மகன் சூலா’ உருவாகியிருந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒரு குழாய், குழாய் வழியே புகை கூரைக்கு வெளியே. எளிய யோசனைதான். குழாயில் கரி அடைத்தால் தட்டிவிட ஆள் வேண்டும், உடைந்தால் மாற்ற அடுத்த குழாய் வேண்டும், குழாய்க்காகக் கூரையில் இட்ட துளை மழையில் ஒழுகக் கூடாது. இவற்றுக்கு ஏற்பாடு இல்லாத இடங்களில் குழாய் போய் அடுப்பு மட்டும் மிஞ்சியது. அடுப்பு வைத்த எண்ணிக்கை ஆண்டறிக்கையில் ஏறியது. அதே அடுப்பு மறு ஆண்டு எரிந்ததா என்று பார்க்க அப்படி ஒரு பத்தி அமையவில்லை.

பிறகு வந்த திட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு படி முன்னேறின. 2007இல் ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு. 2010இல் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டில் மாற்றுவதாகத் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011இல் பசுமை வீடு: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், படுக்கையறை, தனிச் சமையலறை, கூரையில் சூரிய விளக்கு. வரைபடத்தில் சமையலறைக்கென்று ஒரு தனிச் சுவர் வந்ததே பெரிய மாற்றம். சிறிய செய்திபோலத் தோன்றினாலும் அந்தச் சுவரின் பெருமையைச் சொல்ல ஆய்வே இருக்கிறது.

சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளுக்குள் கருவிகளோடு போனார்கள். முடிவு 2002இல் வெளியானது. விறகோ வறட்டியோ எரியும் வீடுகளில் சமைப்பவர் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார் என்பது எதிர்பார்த்ததுதான். அடுப்புக்கும் அறைக்கும் நடுவே தடுப்பு இல்லாத வீடுகளில் சமைக்காதவர்களும், அதாவது அறையில் கிடக்கும் கிழவரும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும், அதே காற்றில் இருக்கிறார்கள் என்பதை எண்களோடு காட்டினார்கள். பத்துக்குப் பத்தில் சுவருக்கு இடமேது?

அதே குழுவினர் 2018இல் கள்ளக்குறிச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்தார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ‘ஹேப்பின்’ என்ற பெரும் ஆய்வு அது. இந்தியாவில் ஏறத்தாழ 800 பேர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதத்துக்கு விலையில்லா எரிவாயுவும் வீட்டு வாசலுக்கே வந்தன. மீதிப் பேர் விறகிலேயே தொடர்ந்தார்கள். பெண்கள் உடலோடு கருவியைக் கட்டிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் நடமாட, அவர்கள் மூச்சிழுத்த காற்றின் நுண்துகளை அது பதிந்தது. இந்தப் பக்கத்துப் பெண்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பது வீட்டு விவகாரமாக இல்லாமல் ஓர் எண்ணாக எழுதப்பட்டது.

2022இல் முடிவு வந்தது. விறகில் சமைத்த பெண்களின் காற்றில் கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம் நுண்துகள். எரிவாயுவில் சமைத்தவர்களுக்கு 23.9. மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை: ஒரு பக்கம் சராசரி 2,921 கிராம், மறுபக்கம் 2,898. கைக்குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறையவில்லை என்று 2024இல் அடுத்த முடிவு. இது உழைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். தாயின் எடை, சாப்பாடு, ரத்தசோகை, அடுத்த வீட்டுப் புகை என்று ஒரு குழந்தையின் பிறப்பைத் தீர்மானிப்பவை பல. அடுப்பு மட்டும் அத்தனையையும் சரிசெய்துவிடாது. எனினும் இன்னொரு செய்தி அதே ஆய்வில் கிடக்கிறது, அதைப் போதிய அளவு யாரும் பேசவில்லை. எரிவாயு தட்டுப்பாடில்லாமல் வாசலுக்கு வந்தபோது ஏறக்குறைய எல்லாப் பெண்களும் விறகைக் கைவிட்டார்கள். விறகின் ருசி, பழக்கம், பழமை என்று காலங்காலமாகப் பெண்கள் தலையில் சுமத்திய காரணங்களெல்லாம் உருளை தீராத வீட்டில் காணாமல் போயின.

அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு சின்னசேலத்துக்குத் திரும்பலாம். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்தார். 108 முகாம்களில் அப்போது 18,944 குடும்பங்கள், 58,822 பேர். அகதிகள் முகாம் என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆயிற்று. பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. வேலூர் மேல்மொணவூரில் நவம்பர் 2 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1983இல் வந்தவர்களுக்கு 38 ஆண்டு கழித்துக் கான்கிரீட் கூரை.

அதே அறிவிப்பில் ஒரு சிறிய வரி. முகாம் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும். ஆண்டுக்கு ஐந்து உருளைகளுக்கு, உருளை ஒன்றுக்கு 400 ரூபாய் மானியம். முகாம் வீட்டின் காற்று ஓர் அரசு அறிவிப்புக்குள் நுழைந்தது இந்த வரி வழியாகத்தான். எழுதியவர்கள் அதைச் செலவுக் குறைப்பாக நினைத்திருக்கலாம். உண்மையில் அது ஒரு சுகாதாரத் திட்டம்.

ஐந்து உருளை ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் வரும்? மத்திய அரசின் உஜ்வலா எரிவாயுத் திட்டத்தில் இணைப்புப் பெற்ற குடும்பங்கள் சராசரியாக ஆண்டுக்கு 3.21 உருளைதான் வாங்கின என்று இந்தியத் தணிக்கைத் துறை 2019இல் கண்டறிந்தது. உருளை தீர்ந்து கூலி வராத வாரங்களில் அடுப்புக் கற்கள் திரும்ப வருகின்றன. மலைமேல் கணக்கு இன்னும் கடினம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, ரேஷன், மருத்துவமனை என்று அடிப்படை வசதிகளைப் பற்றி அரசைக் கேள்வி கேட்டது. சாலை இல்லாத ஊருக்கு உருளை எப்படி ஏறும்? 14.2 கிலோ எரிவாயு, அதோடு இரும்புக் கூட்டின் எடை, ஒருவர் தலைச்சுமையாக. விறகோ வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு மேலே குளிர்காலம் கார்த்திகையில் இறங்கும். தொகுப்பு வீடுகளின் சின்ன ஜன்னல்களை அப்போது சாக்கைச் செருகி அடைப்பார்கள். உள்ளே அடுப்பு எரியும்; அதைச் சுற்றிப் பிள்ளைகள் படுத்திருக்கும்.